பதினேழாம் நம்பர் கேசட்

ஸ்கார்விக், வடக்கு நார்வே
2 பிப்ரவரி 2019

அன்பு மகள் எல்ட்ரிடுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் நலமா, சிக்னே குட்டி மூன்று மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்குகிறாளா. இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு நம் ஊரில் போன வாரம்தான் சூரியன் தலைகாட்டியது, வழக்கம்போல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பன் கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று கிடைத்தது. உனக்குப் பழுப்புச் சீஸும் இரண்டு கம்பளிக் காலுறையும் பார்சலில் போட்டிருக்கிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான். இதைக் குழந்தை தூங்கும்போது உட்கார்ந்து படி.

நீச்சல்குளத்துக்கு மேல் மாடியில் இருக்கும் எங்கள் படநூலகம் உனக்குத் தெரியும். பெண்கள் படும் பாட்டைச் சொல்லும் படங்கள் மட்டும்தான் வைப்போம் என்று ஒட்னி பிடிவாதம் பிடித்து நாற்பது வீடியோ கேசட்டோடு ஆரம்பித்தாள், இப்போது எழுநூறு படத்துக்கு மேல் இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்துவது நான்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை, அதில் தேதி மட்டும்தான் விழும், யார் எடுத்தார்கள் என்று பேர் விழாது. என்னத்தைப் பார்த்தாள் என்று புருஷன்மார் வந்து கேட்கக்கூடாது என்பதற்காக ஒட்னி செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

பதினேழாம் நம்பர், எங்கள் மீன் ஆலையில் 88-ஆம் வருஷம் எடுத்த படம். மகளிர் சங்கத்திலிருந்து காமிராவோடு வந்து, மீன் அறுக்கும் மேசையில் வரிசையாக நின்ற எங்கள் நாலு பேரிடமும் பேச்சுக் கொடுத்தார்கள். அதைப் புயலடித்த ஒரு நாளில் ஒரே ஒரு தடவை போட்டார்கள், பார்க்க வந்தது ஏழெட்டுப் பேர். நீ எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த வருஷம், நீயாகவே ஒருநாள் மாடியேறி வந்து எடுத்துவிடுவாயோ என்று பயந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு வாரக் கெடு முடியும்போதெல்லாம் என் கையாலேயே புதுத்தேதி குத்திக்கொண்டேன். எல்லாக் கேசட்டையும் டிஸ்க்கில் ஏற்றியபோதும் அது ஒன்று மட்டும் தப்பித்தது, வெளியே போயிருக்கிறதே, எப்படி ஏற்றுவார்கள். ஒரே பிரதி அதுதான்.

இந்த வருஷம் கமிட்டிக்குப் புதிதாக வந்த தூவா என்ற சின்னப்பெண் அட்டையை எல்லாம் எண்ணிப் பார்த்திருக்கிறாள். மற்றப் படங்களில் அதிகம் போனது தொண்ணூறு தடவை, பதினேழாம் நம்பர் அறுநூற்றுப் பதினொரு தடவை. நம் ஊர்ப் பெண்கள் உயிராக நேசிக்கும் படம் இது, மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினத்தன்று பெரிய திரையில் போடுவோம், மறுநாள் இன்டர்நெட்டில் ஏற்றுவோம் என்று அவள் சொல்ல எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது.

ஒட்னி மட்டும் தட்டவில்லை. இறங்கி வரும்போது படிக்கட்டிலேயே என்னை நிறுத்தினாள். “ஏண்டி டோர்குன், உன்னை ஒளிக்கிறதா நெனச்சு மத்த மூணு பேரையும் சேர்த்துல்ல பெட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்க,” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த மூவரில் ஒருத்தி மாக்னில்ட், எனக்குப் பக்கத்தில் நின்று மீன் அறுத்தவள், செத்துப் பதினோரு வருஷமாகிறது. அவள் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அவள் மகள் ரன்வெய் கேசட்டைக் கேட்டு வந்தபோதெல்லாம் யாரோ எடுத்துப்போயிருக்கிறார்கள் என்று அனுப்பிவிட்டேன். அதை அடுப்பில் போடக்கூட ஒருமுறை போயிருக்கிறேன், மாக்னில்ட் முகம் நினைவுக்கு வந்து கை ஓடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானே ரன்வெய் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பார்த்துவிட்டுத் தூவாவிடம் சேர்க்கச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். காபி சாப்பிடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. “மூணு தடவ வந்தேன். மூணு தடவையும் நீங்கதான் மேசையில இருந்தீங்க,” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கோபம் நியாயம்தான், இன்னும் என்னோடு பேசவில்லை.

இனி உன் விஷயம். படத்தில் என்னிடம் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார்கள். உனக்கு அப்போது எட்டு மாதம், உன் அப்பா அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடலில். நான் கத்தியைக் கீழே வைக்காமலே சொல்கிறேன், “இந்தப் புள்ள எனக்கு வேணாம். யாராச்சும் கேட்டா குடுத்துடுவேன்.” சொல்லிவிட்டுச் சிரிக்கிறேன், மாக்னில்ட் முழங்கையால் இடிக்கிறாள். நாலாம் நாள் உன்னை ஒட்னியிடம் விட்டுவிட்டுத் தெற்கே போகும் கப்பலில் ஏறிவிட்டேன். ட்ரொண்ட்ஹைமில் ஒரு ஹோட்டலில் பத்தொன்பது நாள் பாத்திரம் கழுவினேன். நெஞ்சுச் சளிக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று உனக்குச் சொல்லி வைத்ததெல்லாம் கட்டுக்கதை. இருபதாம் நாள் திரும்பினேன். கப்பல்துறையில் ஒட்னி உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றாள், நீ என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாய், அன்று அழுத மாதிரி நான் பிறகு அழுததே இல்லை. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

போன மாதம் போனில், உனக்கு ஒரு நாளாவது இப்படித் தோன்றியிருக்கிறதா அம்மா என்று கேட்டாய். எப்படி என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஒருநாளும் இல்லை என்று சட்டென்று சொன்னேன், நீயும் பேச்சை மாற்றிவிட்டாய். கேசட்டில் சொன்னதைவிட அந்தப் பதில்தான் என்னை அரிக்கிறது. நீ மோசமான தாய் என்று உனக்குள் நினைத்துக்கொண்டு இருக்கிறாயே என்று நெஞ்சு பதறுகிறது. தோன்றியது எல்ட்ரிட், நிறைய நாள் தோன்றியது. மாப்பிள்ளையிடம் மறைக்காதே, டாக்டரிடமும் சொல். குழந்தையை அரைநாளாவது யாரிடமாவது விட்டுத் தூங்கு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மார்ச் எட்டாம் தேதி நான் முன்வரிசையில் உட்காரப்போகிறேன், இந்தத் தடவை எங்கும் ஓடுவதாக இல்லை. பத்தாம் தேதி உன்னிடம் வர டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், மனசு ஆறி, நல்லபடியாக இருக்க வேண்டும். நீ பொழுதோடு சாப்பிடு, அதை மறக்காதே. கடிதம் கிடைத்ததும் ஒரு வரி எழுது. நான் வருவது வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் எழுது, நம் வீட்டில் அந்தச் சொல்லை முதலில் சொன்னவள் நான்தான்.

உன் அம்மா,
டோர்குன்