இருபத்திரண்டு தகரங்கள்

ஜனவரி 12, திங்கள்

காலையிலிருந்து மழை. படுக்கையறையில் இரண்டு இடம், அடுப்புப் பக்கம் ஓர் இடம் ஒழுகுகிறது. என் மனைவி மோடெஸ்டா வாளி, சட்டி, நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டாள்.

"நவம்பர்லயே தார் வாங்குங்கன்னு சொன்னேன்."

சொன்னாள்தான். முழங்கால் ஏணி ஏற விடுவதில்லை. வேலை பார்த்த வரைக்கும் வருடா வருடம் நானே ஏறித் தகரக் கூரையின் ஓட்டைகளைத் தாரால் அடைத்தேன்.

வானொலி நாடகத்தின் ஒன்பதாம் பாகம் எழுதி முடித்தேன். மவெல்வா, செத்துப்போன அண்ணன் வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போகிறான். கட்டில், சைக்கிள், ஆடுகள். அண்ணன் மனைவி சோலா தரையில் புரண்டு அழுகிறாள். நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னும் ஆறு பாகம் இருக்கிறது. இப்போதே களைப்பாக இருக்கிறது.

ஜனவரி 16, வெள்ளி

வானொலியில் நாடகப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கபாசோ வந்தாள். கை நிறையக் கடிதம், போன் நிறையக் குறுஞ்செய்தி. கசாமா ஊர் முழுக்க வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கடைகளில்கூட ரேடியோவைச் சுற்றித்தான் நிற்கிறார்களாம்.

"ஐயா, மவெல்வாவா நடிக்கிற ந்கான்டுவுக்குச் சந்தையில தக்காளி தர மாட்டேங்குறாங்க. 'உன் அண்ணி பொணத்துக்குப் பக்கத்துல அழுதுக்கிட்டு இருக்கா, உனக்குத் தக்காளி கேக்குதா'ன்னு ஒரு அம்மா தராசையே ஓங்கிட்டாங்க. பாவம், வீட்டுல அவர் கொழம்பு வெச்சு மூணு நாளாச்சு!"

விழுந்து விழுந்து சிரித்தோம். மவெல்வாவுக்கு என்ன தண்டனை வேண்டும் என்று நேயர்கள் எழுதியதையும் படித்தாள். மின்னல் தாக்க வேண்டும், பதினேழு பேர். பாம்பு, ஒன்பது. பைத்தியம் பிடித்துக் குப்பை பொறுக்க வேண்டும், ஆறு. திருடிய கட்டிலே உடைந்து அவன் மேல் விழ வேண்டும் என்று ஒருவர். தச்சராக இருப்பார்.

"மின்னல்தான் ஐயா. இடிச் சத்தம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு."

பார்க்கலாம் என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

எழுத ஓடவில்லை. முப்பத்தோரு வருடம் இலக்கிய வகுப்பில் ஒரே கேள்வி கேட்டேன்: பேராசை இந்தப் பாத்திரத்தை எப்படி அழித்தது? பிள்ளைகளும் ஒரே பதில் எழுதினார்கள். ஆசைப்பட்டான், எடுத்தான், அழிந்தான். மூன்று பத்தி. நானும் சரி போட்டேன்.

பத்தாம் வகுப்பில் சோம்பா என்று ஒருவன், கடைசி பெஞ்ச், ஒருநாள் எழுந்து கேட்டான்: "சார், கதை ரெண்டு பக்கம் முன்னாடியே முடிஞ்சிருந்தா அவன் பணக்காரன்தானே?" வகுப்பே சிரித்தது. உட்காருடா என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? இத்தனை வருடம் கழித்து ஏன் அவன் முகம் வருகிறது?

ஜனவரி 27, செவ்வாய்

கபாசோ பதிவுக் கருவியோடு வந்தாள். பதினோராம் பாகத்தில் சோலா மழையில் வெளியேறும் காட்சிக்குத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் வேண்டுமாம். நல்ல நேரம், நல்ல மழை.

"இந்த மாதிரி சத்தம் எங்கயும் கெடைக்கல ஐயா! ஒரு எடத்துல கிண்கிண்ணுது, ஒரு எடத்துல பொத்துபொத்துன்னு விழுது. கூரையே ஒப்பாரி வெக்கிற மாதிரி இருக்கு!"

தார் வைத்த இடமெல்லாம் பொத்தென்று கேட்கும். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மோடெஸ்டா மட்டும் அந்த அரைமணி நேரமும் அடுப்படியை விட்டு வரவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

நேற்று நாடகம் முடிந்து பெயர்கள் வாசிக்கும்போது அறிவிப்பாளர் சொன்னார்: "மழைச் சத்தம், இந்த நாடகத்தை எழுதிய கலுபா வாத்தியார் வீட்டுக் கூரையிலிருந்து." சிரித்துவிட்டேன். மோடெஸ்டா ரேடியோவை அணைத்தாள்.

"சிரிக்கிறீங்களா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜனவரி 31, சனி

பெலிஸ்தா அண்ணி வந்தாள்.

இறந்துபோன என் அண்ணன் சாம்பாவின் மனைவி. சந்தையில் மழைக்காளான் விற்கிறாள். தேவாலயத்தில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம். என் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது இருபத்துநான்கு வருடத்தில் இதுதான் முதல் தடவை. காளான் கூடையை இறக்கி வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. தலையை அண்ணாந்து கூரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தாள்.

"முந்தாநாள் ரேடியோவுல என் கூரை பேசிச்சு வாத்தியாரே."

காளான் கூடையை ஓரமாகத் தள்ளி வைப்பதுபோல் குனிந்தேன்.

"உன் நாடகத்தை ஒரு வாரம்கூட விடாம கேக்குறேன். நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் வெளங்கல. அந்தப் பொம்பள ஏன் எப்பப் பார்த்தாலும் புரண்டு புரண்டு அழுவுறா? அவளுக்கு வேற வேலை கெடையாதா?"

"துக்கம்தானே அண்ணி…"

"நான் புரண்டேனா?"

யோசித்துப் பார்த்தேன். எப்படியும் அழுதிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீ ஏணியில ஏறுன. ஏணி ஆடிச்சு. உன் சித்தப்பா மவனுங்க தகரத்தை வாங்கி அடுக்குறதுல இருந்தானுங்க. கீழ யாரு பிடிச்சா?"

"தெரியல அண்ணி."

"நான். கைப்புள்ள லோம்பேயை முதுகுல கட்டிக்கிட்டு. நீ விழுந்து செத்தா அந்தச் சாவுக்கும் நான்தானே களி கிண்டணும்!" சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். "வகுப்புல எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருப்பியாமே. இதை மறந்துட்ட."

தகரங்களைத் திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். கையை வீசினாள்.

"இந்தச் சல்லடையையா? கூரை யாரோடதுன்னு ரேடியோவுல தப்பா சொல்லிட்டாங்க. கடைசிப் பாகத்துக்குள்ள திருத்தச் சொல்லு. ஊர் கேக்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

1985 பிப்ரவரி. சாம்பா மலேரியாவில் போனான். எங்கள் வழக்கப்படி சொந்தக்காரர்கள் கூடி அவன் பெயரை எனக்குக் கொடுத்தார்கள். அதற்கு அடையாளமாக ஒரு குவளைத் தண்ணீர், அவன் இடுப்பு பெல்ட். பெயரை வாங்கியவன் அந்தக் குடும்பத்துக்குத் தகப்பன் மாதிரி. வழக்கம் அதோடு சரி. கூரையைப் பிரி என்று வழக்கம் சொல்லவில்லை.

நான் அப்போது இந்த வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டுத் தகரத்துக்கு அலைந்துகொண்டிருந்தேன். கடைகளில் தகரம் கிடையாது. சமையல் எண்ணெயே கிடையாத காலம். அண்ணன் வீட்டில் இருபத்திரண்டு தகரம் மின்னிக்கொண்டிருந்தது. "பேரு உன்னோடது, அப்ப பொருளும் உன்னோடதுதான்" என்று சித்தப்பா மகன் ஒருவன் சொன்னான். அவன் சொல்ல வேண்டும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டைத் தொடவில்லை, தகரத்தை மட்டும்தான் எடுத்தேன் என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சுடாத செங்கல் சுவர். மழைக்காலத்தின் நடுவில் கூரை இல்லாமல் நின்றால் என்ன ஆகும் என்று தெரியாதா? ஏப்ரலில் அங்கே மண்மேடுதான் இருந்தது. அவள் இரண்டு பிள்ளைகளோடு அம்மா ஊருக்குப் போனாள். விதவைகளுக்கான சட்டம் அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான் வந்தது. அதையும் ஒரு சமாதானமாக வைத்திருந்தேன்.

எனக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. மின்னல் இல்லை, பாம்பு இல்லை. மூன்று பிள்ளைகள் படித்தார்கள். தலைமையாசிரியர் ஆனேன். சோம்பா கேட்டானே, அந்த இரண்டு பக்கத்துக்கு முன்னாலேயே முடிந்துபோன கதை நான்தான். கூரையில் பழைய ஆணி ஓட்டைகள் மட்டும் ஒழுகின. அண்ணன் வீட்டு உத்தரத்துக்கு அடித்த ஓட்டைகள் என் வீட்டு உத்தரத்துக்குப் பொருந்தவில்லை.

மவெல்வாவுக்குத் தொந்தியும் தங்கப்பல்லும் கரகரப்பான சிரிப்பும் கொடுத்தேன். நான் அப்போது ஒல்லி. சட்டைப்பையில் சிவப்புப் பேனா.

சோலாவை ஏன் அழ மட்டுமே வைத்தேன்? அழுகிறவளுக்கு வசனம் எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

மோடெஸ்டாவிடம் சொன்னேன். சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

"திருத்துங்க. நல்லாத் திருத்துங்க. நம்ம பொண்ணு பிரிஸ்கா மாமியார் வீட்டுல, கிட்வேயில, அந்த ரேடியோ கேக்காதுன்னு நெனைக்கிறீங்களா? கேக்காட்டியும் போன்ல சொல்ல ஆள் இருக்கு. சர்ச்ல பெண்கள் சங்கத்துக்கு நான் தலைவி. உங்களுக்கு ஒரு நாடகம். எனக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."

"அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் மோடெஸ்டா."

"அந்தக் கூரைக்குக் கீழதான் மூணு பிள்ளை பெத்தேன். அது யாரோடதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க கேக்கல, நான் சொல்லல. அதையும் சேர்த்து எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

எழுதவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கடைசிப் பாகத்தைக் கபாசோவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மவெல்வா கூரைமேல் இருக்கிறான். ஏணி ஆடுகிறது. கீழே பார்க்கிறான், சோலா பிடித்துக்கொண்டிருக்கிறாள். "மெதுவா எறங்கு" என்கிறாள். தகரத்தோடு இறங்கிப் போகிறான். அதற்குப் பிறகு அவன் நன்றாக வாழ்கிறான். அவளும் வாழ்கிறாள், காளான் விற்று.

"மின்னல் எங்க ஐயா?"

"இல்ல."

"மின்னல் இல்லாட்டி ஸ்டேஷனைக் கொளுத்திடுவாங்க ஐயா! அவனுக்கு ஒண்ணுமே ஆகலையே? அவன் பாட்டுக்கு நல்லா இருக்கானே?"

"ஆமாம்மா. நல்லா இருக்கான். உன் முன்னாடிதான் உக்காந்திருக்கான்."

முதலில் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். நாடகத்தின் முடிவில் வாசிக்க வேண்டிய வரியை எழுதிய தாளை நீட்டினேன். படித்துவிட்டு நான்காக மடித்துப் பையில் வைத்தாள். போகும்போது எப்போதும்போல முழங்காலை மடித்துக் கும்பிடவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

நேற்று ஒலிபரப்பு. அந்த வரியை அறிவிப்பாளர் வாசிக்க மாட்டேன் என்றார். "பெரியவங்க விஷயம், என் வாயால வேணாம்." நானே போய் வாசித்தேன். குரல் நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. வருகைப் பதிவு எடுப்பதுபோல் வந்தது.

"பதினோராம் பாகத்தில் கேட்ட மழைச் சத்தம், பெலிஸ்தாவின் கூரையிலிருந்து. அந்தக் கூரையை 1985இல் அவர் வீட்டிலிருந்து பிரித்து எடுத்தவன் கலுபா. எடுத்தபோது ஏணியைப் பிடித்தவர் அவர்."

வீடு வரை நடந்தே வந்தேன். மோடெஸ்டா ரேடியோவை அணைக்கவில்லை. அது பாட்டுக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

மார்ச் 4, புதன்

சந்தைக்குப் போனேன். தக்காளிக்காரி என் பையை வாங்கவில்லை. "மவெல்வாவுக்குத் தக்காளி இல்ல" என்றாள். பக்கத்திலிருந்தவள், "ந்கான்டுவுக்கு இனிமே குடுக்கலாம்டி, ஆள் மாறிடுச்சு!" என்றாள். சிரிப்பு. நாலு கடை தள்ளிப் பெலிஸ்தா அண்ணி காளானுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். நிமிரவில்லை.

கபாசோ போனில் சொன்னாள்: ஒருவர் எழுதியிருக்கிறாராம், மவெல்வாவிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு வாத்தியார் அவனைத் தப்பவிட்டுவிட்டார் என்று.

மார்ச் 8, ஞாயிறு

மோடெஸ்டா தேவாலயத்துக்குப் போகவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

போனாள். பெண்கள் சங்கத்து வெள்ளைச் சட்டை போடாமல், சாதாரணத் துணியில். திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிரிஸ்காவிடமிருந்து இன்னும் போன் இல்லை.

ஏப்ரல் 11, சனி

காலையில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. பெலிஸ்தா அண்ணியும் லோம்பேயும். அவனுக்கு இருபத்தைந்து வயது, லாரி பழுது பார்க்கிறான். தோளில் ஏணி.

"யோசிச்சேன் வாத்தியாரே. அந்தத் தகரம் ஆட்டுக்கொட்டாய்க்கு ஆகும். ஒழுகினா ஆடு குத்தம் சொல்லாது."

"எடுத்துக்குங்க அண்ணி." கேட்காமலே மோடெஸ்டா உள்ளே போய்ப் பாய், துணி, பாத்திரங்களை வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

லோம்பே ஏணியைச் சாத்தினான். ஆடியது. நான் போய்ப் பிடித்தேன். இரண்டு படி ஏறி, குனிந்து என்னைப் பார்த்தான்.

"பிடிக்கத் தெரியுமா?"

"கத்துக்கிறேன்" என்றேன்.

மதியம் வரை பிடித்தேன். கை மரத்துவிட்டது. இடையில் ஒரு தடவைகூட அவன் என்னோடு பேசவில்லை. மோடெஸ்டா வேர்க்கடலை போட்ட கீரையும் களியும் வைத்தாள். அண்ணி சாப்பிட்டாள். லோம்பே வண்டி பக்கத்தில் நின்றே தண்ணீர் மட்டும் குடித்தான். ஒரு தகரம் துருப்பிடித்துக் கையோடு பொடியாகிவிட்டது.

"ஒண்ணு கொறையுது வாத்தியாரே" என்றாள் அண்ணி, வண்டியைத் தள்ளிக்கொண்டே.

ஏப்ரல் 14, செவ்வாய்

புல் வந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் வேய்ந்தார்கள். தலைமையாசிரியர் வீட்டுக்குப் புல் கூரையா என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இந்தப் பருவத்தின் கடைசி மழையாக இருக்கும். மேகம் கறுத்ததுமே மோடெஸ்டா பழக்கத்தில் வாளியையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லை.

மழை பெய்கிறதா என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பெய்துகொண்டிருந்தது.