காக்காய்ப்பொன் ஒரு சிட்டிகை

கழி வற்றாதிருக்க. குன்று தேயாதிருக்க. இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆறு நம் இரு நாட்டையும் மறவாதிருக்க.

மேகம் தங்கும் கொடுமுடிகளுக்கும் தேன் வழியும் பாறைகளுக்கும் உடையவரும், கொடுத்த சொல்லை மீளப் பெறாத குடியில் தோன்றியவருமாகிய கருங்குன்ற நாட்டரசி வேங்கைமாதேவியார் திருமுன்பு, வெண்கழி நாட்டு வேந்தர் ஓதவளவர் ஆணையின் வண்ணம் அவர்தம் துறைப்பேரமைச்சன் பெருந்திரையன் தலைவணங்கி விடுக்கும் ஓலை. இங்கு வேந்தர் நலம், துறைகள் நலம், தங்கள் இளவல் சேந்தவேளும் நலம். அவர் கைகள் மட்டும் மணிக்கட்டு வரை நீலமும் மஞ்சளுமாக இருக்கின்றன. அது ஏன் என்பதே இவ்வோலையின் பொருள்.

இளவல் தூதராக வந்ததும், வந்த வேலை முடிந்த பின்னும் மலையேறாததும் தேவியார் அறிந்தவை. அவரை நிறுத்தி வைத்தது எம் கழிமுகப் படகுகளின் தலைவி தாழைநங்கை. அவள் இவ்வோலை விடுக்கும் அமைச்சனின் ஒரே மகள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. ஆகவே கீழே எங்கேனும் எழுத்தாணி சற்று அழுந்தியிருந்தால் பொறுத்தருள்க.

வெண்கழி, மீன்குஞ்சுகள் வளரும் தொட்டில். அதில் உயிரிரை கோத்துத் தூண்டிலிடுவது எமக்குத் தீட்டு. பலாப்பிசினையும் தேன்மெழுகையும் ஆமணக்கெண்ணெயில் உருக்கி, நிறமும் மினுக்கும் சேர்த்து, மீன்வடிவ அச்சில் வார்த்து, தொட்டால் வளைந்து துள்ளும் பொய்யிரை செய்தே மீன் பிடிப்போம். வேற்று நாட்டவன் எம் பெண்ணைக் கேட்டு வந்தால், தன் கையால் வார்த்த பொய்யிரையில் ஒரு கொடுவா மீனைப் பிடித்துக் காட்ட வேண்டும். ஆற்றுமுகம் மணலால் அடைபடும் வரையே தவணை; அடைபட்டபின் கொடுவா உள்ளே வராது, அவனும் மறுமுறை கேட்கலாகாது. அவன் படகை வலிப்பவள் அந்தப் பெண்ணே. ஆனால் இரையைப் பற்றி அவள் ஒரு சொல் சொன்னாலும் தவணை அன்றோடு முடிந்துவிடும். கண்ணெதிரே ஒருவன் செய்யும் பிழையை வாய்மூடிப் பார்த்திருக்க வல்லவளே இல்லறத்துக்கு ஏற்றவள் என்பது எம் முன்னோர் போட்ட கணக்கு. முன்னோர் தாழைநங்கையைக் கண்டவர்கள் அல்லர்.

தேவியார் அன்போடு அனுப்பிய காக்காய்ப்பொன் கூடையும் சாதிலிங்கப் பொதியும் வந்து சேர்ந்தன. தங்கள் மலைப்பாறையில் ஏடேடாக உரியும் அந்த மினுக்கைப் போல் எம் நாட்டில் கிடையாது என்பதை வேந்தரே ஒப்புக்கொண்டார். விருந்தினர்க்கு உள்ளதையெல்லாம் அள்ளி வைப்பது தங்கள் நாட்டு வழக்கம். இளவல் கொடுவாவையும் விருந்தாகவே எண்ணிவிட்டார். காக்காய்ப்பொன்னை இடித்துக் கைநிறையக் கொட்டினார். சாதிலிங்கத்தைக் குழைத்து இரையின் உடல் முழுதும் சிவக்கச் செய்தார். அந்த இரை நீரில் இறங்கியபோது, மணப்பெண்ணின் நகைப்பெட்டி ஆற்றில் விழுந்ததோ என்று கரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கொடுவா ஒன்று அருகே வந்து பார்த்தது, பார்த்துவிட்டுப் போயிற்று. இவ்வமைச்சனும் கரையில் நின்று சிரித்தான். ஒரே மகளைத் தொலைவில் கட்டிக்கொடுக்க மனமில்லாத தகப்பன் சிரித்தான் என்று கொள்க.

பிறகு தங்கள் மலையில் மழை பொழிந்தது. செம்மண் கரைந்து ஆறு சிவந்து வந்தது. செந்நீரில் செந்நிற இரை இருந்த இடம் தெரியவில்லை. தம் நாட்டு மண்ணே தம்மை மறைக்கிறது என்று இளவல் நொந்துகொண்டாராம். நிறத்தை மாற்றினார். அவுரி நீலத்தில் சிலவும் மஞ்சளில் சிலவும் வார்த்து, ஈரம் உலருமுன் ஒரே பேழையில் அடுக்கி மூடினார். திறந்தபோது ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஊறி, நீலமும் மஞ்சளும் இல்லாமல் பாசி நிறமாகக் கிடந்தன. அவற்றை எறியப் போனவர் என்ன நினைத்தாரோ, எறியவில்லை.

எல்லாவற்றினும் பெரிய தொல்லை மினுக்கால் வந்தது. முதலில் வார்த்த இரை மினுக்கின்றி மொட்டையாக இருக்கும். கடைசியில் வார்த்தது மினுக்குப் பொதியாகக் கனத்து அடியில் போய்ப் படுக்கும். அச்சில்தான் குறை என்று இளவல் அச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். குறை அச்சில் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கலத்தை உடனே தொடாமல், அடுப்புத் தெய்வத்தைப் பாடி முடித்தே தொடுவது தங்கள் குடி வழக்கமன்றோ. இளவல் கண்மூடிப் பாடுவார். அவர் பாடும் நேரத்தில் காக்காய்ப்பொன் முழுதும் கலத்தின் அடியில் போய் அமர்ந்துகொள்ளும். கழிநாட்டில் சிறு பிள்ளையும் அறிந்த செய்தி இது. சொல்லத்தான் ஒருவர்க்கும் உரிமை இல்லை. தாழைநங்கை முந்தானை நுனியைக் கடித்துக் கடித்தே இரண்டு சேலைகளைப் பாழாக்கினாள்.

இப்படியிருக்க, நீர் தெளிந்து மணல்திட்டு வளரத் தொடங்கிய ஒரு காலையில், இளவல் தூண்டிலைத் தொடாமல் படகின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தார். நிழலில் மடவை மீன் குஞ்சுகள் ஒதுங்கியிருந்தன. முதுகு பாசி நிறம், பேழையில் ஊறிக் கிடந்த அதே நிறம். வயிறு சாயமேறாத மெழுகின் வெளுப்பு. நேராக நீந்தும்போது மினுக்கு ஏதும் இல்லை. அஞ்சித் திரும்பும்போது மட்டும் விலாவில் ஒரு பொறி தெரிந்து மறைந்தது. நெடுநேரம் பார்த்தபின் இளவல் எழுந்து, தாம் இதுவரை மனிதர் மெச்சவே இரைக்கு அணி பூட்டியதாகவும், கொடுவா தேடுவது அழகை அன்று, தப்பியோடப் போகும் ஒன்றையே என்றும் கூறினார். தாழைநங்கை பேசவில்லை. அவள் துடுப்பு மட்டும் ஒரு கணம் நின்றது. துடுப்பு நின்றது சொல் ஆகுமா என்று கரையில் வழக்கு எழுந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் இவ்வமைச்சன். துடுப்புக்கு வாய் இல்லை என்று தீர்ப்பளித்தான். அன்று முதல் அவன் சிரிக்கவும் இல்லை.

இனிச் சொல்வதைத் தேவியார் நிறுத்திக் கேட்டருள்க. பாடும்போதே மினுக்கு அமிழ்கிறது என்பதையும், ஒருமுறை கண் திறந்து பாடியதால், இளவல் அன்றே கண்டுகொண்டார். பாட்டை விட்டிருந்தால் வேலை எளிது. எம் நாட்டில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார். விடுவாரா என்று அறிய இவ்வமைச்சன் வேலிக்கு அப்பால் நின்றான். நிற்பது பதவிக்கு அழகன்று, ஆயினும் நின்றான். பெண்ணுக்காகத் தன் அடுப்பை மறக்கிறவன் நாளை எதற்காகப் பெண்ணை மறப்பான் என்ற அச்சம் தகப்பனுக்கு இருந்தது. இளவல் கலத்தை இறக்கினார். ஒரு சிட்டிகை, ஒன்றே ஒன்று, காக்காய்ப்பொன் தூவினார். வலக்கையில் அகப்பை எடுத்தார். பாட்டையும் தொடங்கினார். தாளத்துக்கு ஒரு சுற்றாகக் கிண்டிக்கொண்டே பாடி, ஒவ்வோர் அடி முடியும்போதும் ஓர் அச்சில் வார்த்தார். பாட்டு நிற்கவில்லை, மினுக்கும் அமிழவில்லை. கலத்தைத் தொடலாகாது என்பதே வழக்கம். அகப்பை தொட்டது, கை தொடவில்லை என்று அவர் தெய்வத்திடம் தாழ்ந்த குரலில் விளக்கம் சொன்னதும் வேலிக்கு அப்பாலும் கேட்டது. வேலியோரம் நின்றவனுக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டான்.

மறுநாள் ஆற்றுமுகம் ஒரு படகு நுழையும் அளவே திறந்திருந்தது. பாசி முதுகும் வெளுத்த வயிறுமாக அந்த இரை போய் விழுந்தது. இழுத்தபோது அஞ்சியது போல் ஒருமுறை புரண்டது, விலாவில் ஒரு பொறி மின்னியது, நீர் வெடித்தது. கொடுவா படகையே மணல்திட்டு வரை இழுத்துப் போயிற்று. இளவல் கயிற்றை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கடைசியில் அதைப் படகில் ஏற்றினார். ஏற்றிய கணத்தில் தாழைநங்கையின் வாய்க்கட்டு அவிழ்ந்தது. கைநிறைய மினுக்கு, செந்நீரில் சிவப்பு, மாற்றிய அச்சுகள் என்று அடக்கி வைத்திருந்த அனைத்தையும் ஆற்றுமுகத்திலிருந்து துறை வரும் வரை ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்த்தாள். தங்கள் இளவல் தலைகுனிந்து கேட்டுக்கொண்டே வந்தார். அத்தனை மகிழ்ந்த முகத்தை இவ்வமைச்சன் தன் ஆயுளில் கண்டதில்லை.

ஆதலால் வேந்தர் ஆணை இது. கொடுவா கிழித்த அந்தப் பொய்யிரை மூங்கிற்குழலில் இவ்வோலையோடு வருகிறது, தேவியார் பெற்றருள்க. காக்காய்ப்பொன் கூடையும் மீள வருகிறது. குறைந்திருப்பதைக் குறையாக எண்ணற்க. கொடுவா விருந்துக்கு வந்த கணக்கில் கழிந்தது. மணநாளைக் குறிப்பது தேவியார் உரிமை. இளவல் கழிநாட்டு மருமகனாகிறார்; மலைநாட்டு மகனாக இருப்பதை விட்டுவிடவில்லை. மணப்பானை அடுப்பிலிருந்து இறங்கும்போது அந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது பெண் வீட்டார் விருப்பம். மணமகன் பந்தலில் இருப்பார். அவரன்றி இங்கு அதை அறிந்தவன் இன்னொருவன் மட்டுமே; அவன் வேலிக்கு அப்பால் நின்று கற்றவன், புகை மறைத்ததால் நடுவே ஓர் அடியைத் தவறவிட்டவன். அந்த அடியைச் சொல்லித் தரத் தேவியார் எழுந்தருள்க. தேவியார் வரும் வரை மணப்பானை அடுப்பேறாது.

இவ்வோலை கண்ட துறைகள் யாவும் தேவியார் படகுக்கு வழிவிடுக. ஆறு இறங்கி வருவார்க்கு நீர் ஆழமாகுக. ஏறிப் போவார்க்குக் காற்று துணையாகுக.

வேந்தர் ஓதவளவர் சுறா முத்திரை இட்டது. முத்திரை மெழுகை உருக்கியவர் சேந்தவேள். அதில் மினுங்குவது தங்கள் மலையின் பொன். ஒரு சிட்டிகைதான் இட்டார்.