மருமகள் வீட்டு மெஷினும் மெல்லிய வயரும்

அன்புள்ள பெரியக்காவுக்குத் தம்பி தவராசா கத்தாரிலிருந்து எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி?

நான் அனுப்பின உடுப்புத் துவைக்கிற மெஷின் நின்றுவிடும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். "மாமன் அனுப்பின பழசு" என்கிறாராமே மாப்பிள்ளை? மெஷினில் ஒரு பிழையுமில்லை. உங்கள் மகள் விதுர்ஷாவின் புதுவீட்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து மெல்லிய வயரில் கரண்ட் இழுத்திருக்கிறீர்கள். தண்ணீர் மோட்டரும் ஓடினால் வோல்டேஜ் விழும், மெஷின் முனகும், சுற்றாது. மோட்டரை நிற்பாட்டுங்கள். தடித்த வயர் போடும்வரை உங்கள் வீட்டுப் பிளக்கிலேயே துவைக்கட்டும். எங்கள் அறை மெஷினையும் இப்படித்தான் திருத்தினேன், முதலாளியே கைகொடுத்துப் பாராட்டினான்.

வேறு புதினமில்லை. வேலை, சாப்பாடு, நித்திரை. யாராவது வந்தால் கொஞ்சம் காய்ந்த கூனி இறால் அனுப்புங்கள். மெஷின் சுற்றுகிற சத்தத்தையும் போனில் பதிந்து அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது. வயர் விசயம் உண்மை, அக்கா. எங்கள் அறையில்தான் மெஷின் இல்லை, நான் வாளியில் துவைக்கிறேன்.