சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ரோபோ

அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமென்று நம்பியே எழுதுகிறேன். வெல்டிங் செய்யும்போது கையில் லேசாகச் சுட்டுக்கொண்டேன். பயப்படாதே, ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். நேற்று சாப்பாட்டுக் கூடத்து டிவியில் பாப்பா பார்க்கும் அந்த ஜப்பான் கார்ட்டூன் ஓடியது. இந்த நாட்டில் அதில் வரும் ரோபோ வேறு பாஷை பேசுகிறது. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத கிரேன் டிரைவர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாஷை புரியுதாண்ணே?" என்றேன்.

"ஒண்ணும் புரியல. என் பையனோட உக்காந்து இந்தக் கதைய எத்தனை தடவை பாத்திருக்கேன்!"

அப்புறம் ரோபோ வாயைத் திறந்தபோதெல்லாம் நாங்களே தமிழில் பேசினோம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒன்று மட்டும் செய். நான் போன் பண்ணும்போது டிவி சத்தத்தைக் குறைக்காதே. பாப்பா சிரிப்பதும் சேர்ந்து கேட்கட்டும்.

அண்ணன் சாப்பிடக் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உன் கணவன்