எதிர்ப்பக்கமாக மடித்த இலை

மச்சான்,

இன்று காலை நூல்கோலின் தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். பச்சைக் கடுகை நசுக்கினாற்போன்ற அந்தக் காரநெடி மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. அன்பினால் அன்று. நீங்கள் இறந்து ஓராண்டு ஆகிவிட்டது. என் கோபத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

உச்சிப்புளி மணலில் இந்தக் காய் வராது என்று முதலில் சொன்னவர் நீங்கள்தாம். கடலாடியில் மிளகாயும் பருத்தியும் எடுத்தவர் என்பதால் என்னைக் கட்டிய உங்கள் தங்கையே உங்கள் சொல்லைத்தான் நம்பினாள். பள்ளிக்கூட வாத்தியாரான நான் செம்மண்ணும் ஆட்டெருவும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டி, மழை ஓய்ந்த பனிக்காலத்தில், அளவுகோல் வைத்துச் சம இடைவெளியில் நாற்று நட்டேன். பார்க்க வந்த நீங்கள் வரப்பில் நின்று சிரித்தீர்கள்.

"என்ன மாப்ளே, ஸ்கேல் வச்சா நட்டீக? அதுகளுக்கு அட்டென்டன்ஸும் எடுப்பீகளோ?"

காய் பருத்தபோது மறுபடியும் வந்தீர்கள். "கெழங்குன்னா மண்ணுக்குள்ள கெடக்கணும். இது பயந்துபோயி வெளிய உக்காந்திருக்கு, ஒங்கள மாதிரி."

அது கிழங்கு அன்று, பருத்த தண்டு என்று விளக்கினேன். நீங்கள் அதற்குள் பாதி தூரம் போய்விட்டீர்கள்.

இவற்றையெல்லாம் மன்னித்திருப்பேன். மன்னிக்க இயலாதது எங்கள் புதுமனை விருந்து. என் பாத்திக் காய்களை நார் விழுமுன் பிஞ்சிலேயே அறுத்து, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். வீட்டுக்காரியின் அண்ணன் என்ற முறையில் முதல் பந்தியில் முதல் இலை உங்களுடையது. ஒரு வாய் எடுத்தீர்கள். "மாட்டுக்கு வைக்க வேண்டியத மாத்தி வச்சுட்டாக போல" என்றீர்கள். பந்தியே சிரித்தது. பிறகு இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தீர்கள்.

உண்டது நிறைவென்றால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். சாவு வீட்டில் மட்டுமே எதிர்ப்பக்கமாக மடிப்பது நம் வழக்கம். அது நீங்கள் அறியாததன்று. பெரியவரே செய்துவிட்டார் என்று உங்கள் பங்காளிகளும் வரிசையாக அப்படியே மடித்தார்கள். பால் காய்ச்சிய அன்றே என் வீடு துக்க வீடாயிற்று.

அதன்பின் உங்கள் பக்கத்து உறவினர் எவரும் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. வந்தால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள். உங்கள் தங்கை ஒவ்வொரு முறையும் அவர்களுக்கும் சேர்த்தே உலை வைப்பாள். "அண்ணே வெளாட்டுக்குத்தான் செஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவாள். நீங்கள் ஒரு வேளை வந்து உண்டிருந்தால் எல்லாரும் வந்திருப்பார்கள். நீங்கள் வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு பனிக்காலத்திலும் நூல்கோலே போட்டேன். கத்தரிக்கு மாறினால் தோற்றவனாவேன். என்றேனும் உங்களை என் வீட்டில் உட்கார்த்தி, அதே கூட்டை உண்ண வைத்து, இலையை உங்கள் பக்கமாக மடிக்க வைப்பதென்று காத்திருந்தேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முந்திக்கொண்டீர்கள்.

நேற்று உங்களுக்குத் திதி. இராமேசுவரத்தில் முடித்துவிட்டு, உங்கள் தங்கை வற்புறுத்தியதால், உங்கள் மனைவியும் மகனும் இங்கே தங்கினார்கள். நூல்கோல் போன்ற சீமைக்காய்களைத் திதியன்று சமைக்கலாகாது என்பது விதி, நேற்று சமைக்கவில்லை. இன்று மதியம் பரிமாறினேன்.

உங்கள் மகன் வழித்து உண்டுவிட்டுக் கேட்டான்: "மாமா, இதையா அய்யா மாட்டுக்கு வைக்கிறதுன்னாக? இன்னுங் கொஞ்சம் வைங்க."

உங்கள் மனைவி தலை நிமிராமல் சொன்னார்: "நான் அன்னைக்கே பொம்பளைக பந்தியில ரெண்டு தரம் வாங்கித் தின்னேன். அவுககிட்ட சொல்லல."

இருவரும் இலையைத் தம் பக்கமாக மடித்தார்கள். உங்கள் தங்கை அடுக்களை வாசலில் நின்று அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்க மனமில்லை அவளுக்கு.

உங்களுக்கும் ஓர் இலை போட்டிருந்தேன். சோறில்லை, நூல்கோல் கூட்டு மட்டும். எல்லாரும் எழுந்துபோன பிறகு அதை நானே மடித்தேன், உங்கள் பக்கமாக, விளிம்போடு விளிம்பு பொருந்த. இனி அதை உங்களால் திருப்பி மடிக்க இயலாது.

ஆயினும் கோபம் பாதிதான் தீர்ந்தது. மீதி என்னோடு இருக்கும். அந்த இலையை மடித்திருக்க வேண்டியது உங்கள் கை, மச்சான்.