எட்டு மணிக்குக் கடல் விலகாது

2-4-1979
டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். பதினைந்தாம் தேதி ஞாயிறு, மனமகிழ் மன்றச் சுற்றுலா. கடலுக்குள் மணல் தீவு. தண்ணீர் வற்றும்போது நடந்தே போகலாமாம். கடைசி வரி: "கடல் குளியல் ஆண்களுக்கு மட்டும். மகளிர் நிழலில் அமரலாம்."

எழுதியவர் சூப்பர்வைசர் முத்துக்கருப்பன். ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து காளவாசல் வரை நான் தனியாக பஸ்ஸில் போகலாம். பகலில் தண்ணீரில் இறங்கக் கூடாது. என்ன நியாயம் இது?

பேரையூரில் எங்கள் கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஏழு வயதில் நீந்தினேன். பதிமூன்றில் பெரியவளானேன். மறுநாளே விருமாண்டி அண்ணன் கிணற்றுப் படியில் வேலிமுள்ளை வெட்டிப் போட்டார். பத்து வருஷமாயிற்று. இந்தத் தையில் அவர் மகள் மாயக்காள் பெரியவளானாள். படியில் மறுபடியும் முள்.

நான் கடலில் நீந்தப் போகிறேன். எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

5-4-1979
டிரங்க் லைன் சும்மா கிடந்தபோது சபியாவைக் கூப்பிட்டேன். அந்தக் கரையோர எக்ஸ்சேஞ்சின் ஆபரேட்டர். இரண்டு வருஷமாகப் பேசுகிறோம், முகம் பார்த்ததில்லை. அவள் வாப்பா சங்கு குளிக்கிறவர்.

"கெணத்துல நீந்துனேன்னு கடல்ல குதிச்சுறாத ஒச்சு. கெணத்துத் தண்ணி ஒன்னைய எங்கயும் கூட்டிட்டுப் போவாது. இது போகும்."

"அப்ப எப்பத்தான் எறங்குறது?"

"வத்தி நின்னு, திரும்ப ஏற ஆரம்பிக்கைல. எறங்குற தண்ணில கால வைக்கக் கூடாது. சேலையோட வராத, கால சுத்திரும்."

இன்னொன்றும் சொன்னாள். வற்றும் நேரம் தினமும் இரண்டு நாழிகை, முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலே, தள்ளிப் போகுமாம்.

12-4-1979
சூப்பர்வைசர் இன்று சபியாவிடம் கேட்டார். இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு வற்றியது என்றாள். உடனே போர்டில் எழுதிவிட்டார்: "ஞாயிறு காலை 8.00 — தீவுக்குக் கடந்து செல்லுதல்."

மூன்று நாளுக்கு ஆறு நாழிகை சார், பத்தரை ஆகும் என்றேன்.

"நாளுக்கொரு டயமா? அது என்ன நம்ம சிம்மக்கல் டவுன் பஸ்ஸாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். சபியா அவரிடமும் சொல்லத்தான் பார்த்தாளாம். எட்டு என்றதுமே லைனை வைத்துவிட்டாராம்.

15-4-1979
கை வலிக்கிறது. எழுதாமல் படுக்க முடியாது.

இரவெல்லாம் பஸ். விடிந்து கரையில் இறங்கினால் ஒல்லியாக ஒருத்தி நிற்கிறாள், தோளில் கயிறு, கயிற்று முனையில் காலி மண்ணெண்ணெய் டின். "இதுல ஒச்சம்மா யாரு?" அந்தக் குரல்! நான் குண்டாக இருப்பேன் என்று நினைத்திருந்தாளாம்.

எட்டு மணி. தீவு கூப்பிடு தூரத்தில். நடுவில் தண்ணீர் விறுவிறுவென்று வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. "இப்ப வேணாம் சார்" என்றாள் சபியா. முத்துக்கருப்பன் கடிகாரத்தைக் காட்டினார். ஆண்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார், தலையில் புளிச்சோற்று அண்டாவோடு. நாங்கள் ஆறு பெண்களும் கரையில்.

இடுப்பு. அப்புறம் மார்பு. அண்டா ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தார்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அப்புறம் எதற்கடா குளியல் உங்களுக்கு மட்டும்?

சபியா டின்னை வீசினாள். "புடிங்க சார்! எதுத்து நிக்காதீங்க, அது போற போக்குல மெதங்க!" கயிற்றை நான் இடுப்பில் சுற்றி உட்கார்ந்துவிட்டேன், கிணற்றில் கமலை இழுக்கிற மாடு மாதிரி. மற்ற பெண்கள் என்னைப் பிடித்தார்கள். சாய்வாக இழுத்துக் கரையேற்றினோம். ஒரு செருப்பும் கடிகாரமும் கடலோடு போய்விட்டன. இருமி முடித்து, "சோறு?" என்றார்.

பத்தரைக்கு அதே இடத்தில் முழங்கால்கூட நனையவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடந்தே போனோம்.

தீவின் உள்பக்கம் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும் இடத்தைக் காட்டினாள். ஒரு பாறையையும் காட்டி, "அது தலை முழுகுனா எல்லாரும் கெளம்பணும்" என்றாள். அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, பாவாடையைக் கால்களுக்கிடையே இழுத்துச் செருகினேன். யாரோ ஓர் ஆண் தொண்டையைச் செருமினார். செருமட்டும்.

குதித்தேன்.

உப்பு. சூடு. கை மறக்கவில்லை! கால் மறக்கவில்லை! கிணற்றில் நாலு வீச்சில் சுவர் வந்து முட்டும். இங்கே சுவரே இல்லை. மல்லாந்து கிடந்தேன், கடல் தூக்கிப் பிடித்துக்கொண்டது. கத்தினேன் என்று சபியா சொல்கிறாள். கத்தியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் நாலு பெண்கள் தண்ணீரில். முத்துக்கருப்பன் கழுத்து வரை உட்கார்ந்து டின்னைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"ஏம்மா ஒச்சம்மா, இன்னும் எம்புட்டு நேரம் குளிக்கலாம்?"

"பாறையப் பாருங்க சார்" என்றேன்.

16-4-1979
காதுக்குள் இன்னும் கடல். இரண்டு டிரங்க் காலைத் தப்பாகக் கொடுத்தேன். கவலையே இல்லை.

6-5-1979
பேரையூர். எல்லாவற்றையும் சொன்னேன். மதினி வாயில் கை வைத்துக் கேட்டாள். அண்ணன் முகம் கறுத்துப் போயிற்று. "ஆம்பளைக முன்னாடியா?"

"ஆமா. ஒங்க சட்டையப் போட்டுக்கிட்டுத்தேன். அந்த ஆம்பளைல ஒருத்தர இழுத்துப் போட்டதும் நாங்கதேன். நீந்தத் தெரியாம செத்தா மட்டும் மானம் நிக்குமாண்ணே?"

எழுந்து போனார். கத்திவிட்டேன். சே, நிதானமாகச் சொல்லியிருக்கலாம்.

சாப்பிடும்போது தலை நிமிராமல் கேட்கிறார்: "கடல் தண்ணி ஆள மெதக்க விடுமாமே, நெசமா?" அண்ணன் கடலைப் பார்த்ததே இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை இவ்வளவு நாளும்.

12-11-1979
பேரையூர். நல்ல மழை; கிணறு பாதிக்கு மேல் நிற்கிறது. காலையில் நான் குளிக்க வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்திருந்தார் அண்ணன். சடசடவென்று எரிந்தது. பார்த்தால் வேலிமுள், பழசு.

"வேற வெறகு இல்லையாண்ணே?"

"இதுதேன் வழியில கெடந்துச்சு."

கிணற்றுப் பக்கமிருந்து மாயக்காள் வந்தாள், தலையைத் துவட்டிக்கொண்டு, முதுகில் சுரைக்குடுக்கை.