கதவு திறக்க முகம் காட்டிய பதினெட்டுப் படங்கள்

அனுப்புநர்
மு. பாண்டிச்செல்வி, பி.எஸ்சி. (வயது 24),
ஒப்பந்தத் தொழிலாளி, பம்பர் தேய்ப்புப் பிரிவு,
(தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் தனித்தாளில்)
இருப்பிடம்: பள்ளிக்கூடத் தெரு, பிள்ளைப்பாக்கம்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: முகக்கவசம் அணியாமல் சக தொழிலாளிக்கு நோய் பரப்பியதாக என் மீது 05.12.2025 அன்று நடைபெறவுள்ள விசாரணை – அணிந்திருந்தேன் என்பதைப் பதிவு செய்வது – அணிந்தது நோயைத் தடுத்ததா இல்லையா என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: நிறுவனத்தின் மெமோ, நாள் 24.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தத் தாளில் ஒரு புகாரும் ஒரு கேள்வியும் இருக்கின்றன. புகாரில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. கேள்வியில்தான் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத இரண்டு முறை முயன்றேன், முடியவில்லை. அதனால் சேர்த்தே தருகிறேன்.

1. என் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இயற்பியல் பட்டம் பெற்றிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஒரகடத்தில் கார் பம்பர் தயாரிக்கும் தொழிற்சாலையில், வண்ணம் பூசுவதற்கு முன் பம்பரை உப்புத்தாளால் தேய்க்கும் வேலை செய்கிறேன். இந்த வேலைக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை என்பதை அறிவேன். ஊரில் இருக்கும் வேலைக்கும் தேவைப்படவில்லை.

2. ஒரு பம்பரை இரண்டு பேர் தேய்ப்போம். இரு முனைகளில் தொடங்கி நடுவில் வந்து முடிப்போம். முடிக்கும்போது இருவர் முகத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. ஒரு ஷிப்டில் எழுபது பம்பர். என் எதிரில் நின்று தேய்ப்பவர் மணிமங்கலத்தைச் சேர்ந்த ஷாரோன், வயது 27. அவருக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. பிளாஸ்டிக் தூசிக்காக எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முகக்கவசம் தருவார்கள். கிண்ணம் போல் வெள்ளையாக இருக்கும். மூக்குக்கு நேராக ஒரு ரூபாய் நாணயம் அளவில் பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் வால்வு. மாறிவிடக் கூடாது என்று வாரில் அவரவர் பெயரைப் பேனாவால் எழுதிக்கொள்வோம்.

3. நவம்பர் 3, திங்கட்கிழமை காலை எனக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தன. தொழிற்சாலையின் முதலுதவி அறைச் செவிலியர் மூன்று நாள் ஓய்வு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை லைன் சூப்பர்வைசர் திரு. கார்முகில் அவர்களிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இன்னா செல்வி, நீ வூட்ல குந்திக்கினா லைன யாரு ஓட்டுவா? வால்வு மாஸ்க்க போட்டுக்க. அது இந்த ஊதா மாஸ்க் மாதிரி கெடையாது, ஸ்ட்ராங்கு. உள்ளேர்ந்து ஒண்ணும் வெளிய வராது."

ஊதா மாஸ்க் என்றது, மருந்துக்கடையில் விற்கும் மெல்லிய சாதாரண முகக்கவசத்தை. அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் எழுதவில்லை. தன் தாயாருக்குச் சளி பிடித்தபோதும் அதையே எடுத்துப்போய்ப் போட்டுவிட்டிருக்கிறார். எங்கள் பிரிவில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். கனமாக இருப்பது, விலை அதிகமானது, நல்லது. இயற்பியல் படித்த நான், அந்த வில்லை எதற்காக இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

4. அன்று முதல் நவம்பர் 12 வரை, இடையில் வந்த ஞாயிறு தவிர ஒன்பது நாள், லைனில் நின்ற நேரம் முழுவதும் முகக்கவசம் அணிந்திருந்தேன். கழற்றிய இடங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒன்று, கேன்டீன். மூடிய வாயால் சாப்பிட முடியாது. அங்கே தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். இரண்டு, தண்ணீர் குடிக்கும் இடம். மூன்று, நுழைவாயில்.

5. நுழைவாயிலில் இருப்பது, நாங்கள் ஃபேஸ் பஞ்ச் என்று சொல்லும் முகப்பதிவு இயந்திரம். முழு முகமும் தெரிந்தால்தான் வருகை பதிவாகும், கதவும் திறக்கும். முகக்கவசத்தோடு நின்றால் சிவப்பு விளக்கு எரியும். ஷிப்டுக்கு முந்நூறு பேர், ஒரே கதவு. ஒருவர் பிடரியில் அடுத்தவர் மூச்சு படும்படி வரிசையில் நின்று, அந்த இடத்துக்கு வந்ததும் எல்லோரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்குவோம். இயந்திரத்துக்கு மேலேயே "முகக்கவசம் அணிந்து உள்ளே வரவும்" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதை எழுதியவர் அந்த வரிசையில் நின்றவராக இருக்க முடியாது.

6. நவம்பர் 10 அன்று ஷாரோனுக்கு இருமல் தொடங்கியது. 13 அன்று மூச்சு விட முடியாமல் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நுரையீரலில் சளி கட்டி, நான்கு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். 21 அன்று வீடு திரும்பினார். இன்னும் மாடிப்படி ஏற முடியவில்லை.

7. நவம்பர் 24 அன்று எனக்கு மெமோ வந்தது. அதன் வாசகம்: "காய்ச்சல் இருந்தும் முகக்கவசம் அணியாமல் பணிபுரிந்து சக தொழிலாளிக்கு நோய் பரப்பினீர்." ஆதாரமாகப் பதினெட்டுப் படங்களை இணைத்திருக்கிறார்கள். ஒன்பது நாள், உள்ளே வந்தது ஒன்பது, வெளியே போனது ஒன்பது. எல்லாம் அந்த இயந்திரம் எடுத்தவை. பதினெட்டிலும் என் முகம் திறந்திருக்கிறது.

மனிதவள அலுவலர் திரு. புருஷோத்தமன் படங்களை மேசையில் பரப்பி வைத்து, படம் பொய் சொல்லுமா என்று கேட்டார். மாஸ்க்கோடு நின்றால் இயந்திரம் கதவைத் திறக்குமா என்று நான் கேட்டேன். "அது வேற விஷயம்மா" என்றார். அது எப்படி வேறு விஷயம் ஆகும் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. இதே ஒன்பது நாளும் அவருடைய முகத்தையும் அந்த இயந்திரம் படம் எடுத்திருக்கும். அந்தப் படங்களையும் விசாரணைக்குக் கொண்டுவரக் கேட்டேன். தலைவலிக்கிறது, பிறகு பேசலாம் என்றார்.

8. அதன்பின் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். முகக்கவசம் அணியாதது என் தவறு, அதனால்தான் ஷாரோனுக்கு நோய் வந்தது, மன்னிக்கவும் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேறு பிரிவில் வேலை தொடரும். போடாவிட்டால் டிசம்பர் 5 அன்று விசாரணை, அன்றே கேட் பாஸ் ரத்து. ஏழு நாளாக அந்தக் கடிதம் என் பையில் இருக்கிறது. முதல் பாதி பொய் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் பாதி எனக்குத் தெரியாது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். என்னால் பாதிக் கையெழுத்துப் போட முடியாது.

9. தெரிந்துகொள்ள நான் செய்த முயற்சிகள்:

செவிலியரிடம் கேட்டேன் (பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்). வால்வு, போட்டிருப்பவருக்கு மூச்சு விட எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக வைப்பது. உள்ளே இழுக்கும் காற்று வடிகட்டித்தான் போகும். வெளியே விடும் காற்று அந்த வழியாக அப்படியே வந்துவிடும். தூசியில் நிற்பவருக்கு அது நல்லது, இருமுபவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்றார். இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முன்பு என்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார்.

கைப்பேசியில் தேடினேன். வால்வு உள்ளவற்றைப் பொதுமக்கள் அணிய வேண்டாம் என்று கொரோனா காலத்தில் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. நான்தான் ஷாரோனைப் படுக்க வைத்தேன் என்று அன்று நினைத்தேன். அடுத்த நாள் மறுபடியும் தேடினேன். வால்வு இருந்தாலும் சாதாரண முகக்கவசம் தடுக்கும் அளவுக்குத் தடுக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஷாரோனைப் பார்த்த மருத்துவரிடம் கேட்டேன். ஊர் முழுக்க இருமும் மாதம் இது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்த வாரம் எங்கள் கம்பெனி பஸ்ஸில், கண்ணாடி திறக்காத ஏசி பஸ், என்னோடு சேர்த்து பதினொரு பேர் இருமினோம்.

என் அறைத் தோழி முப்பிடாதி எங்கள் ஊர்ப் பெண். பாயோடு பாய் ஒட்டிப் படுப்பவள். முதல் நாள் நான் முகக்கவசத்தோடு படுத்தபோது, "ஏட்டி, மூஞ்சிய மூடிக்கிட்டு எப்படி உறங்குவ? கழத்திப் போட்டுட்டுக் கெட. எனக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்றாள். கழற்றிவிட்டேன். ஒன்பது நாளும் மூடாத முகத்தோடு அவள் பக்கத்தில் இருமினேன். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நான் மூடிய முகத்தோடு எதிரில் நின்றும் ஷாரோனுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். இதை வைத்து நான் எந்த முடிவுக்கு வர வேண்டும்? எட்டு மணி நேரம் அணிந்து நாற்பது நிமிடம் கழற்றினால், அது அணிந்த கணக்கா, கழற்றிய கணக்கா? இதற்கு விடை தெரிந்தவர்கள் எங்கோ இருக்கத்தான் வேண்டும். ஒரகடத்தில் இல்லை.

10. மெமோவில் இல்லாத ஒன்றை நானே எழுதுகிறேன். எழுதினால் விசாரணையில் எனக்கு எதிராகப் போகலாம். போகட்டும்.

நவம்பர் 3 அன்று புதிய முகக்கவசம் எங்கள் பிரிவுக்குப் பதினான்கு வர வேண்டும், பதின்மூன்றுதான் வந்தது. எனக்கு இல்லை. பழையதன் வார் அன்று காலை கதவைக் கடந்து உள்ளே வந்ததும் அறுந்துவிட்டது. சூப்பர்வைசர் என்னை வால்வு மாஸ்க் போடச் சொன்னபோது பக்கத்தில் இருந்த ஷாரோன், பெயர் எழுதி, இன்னும் முகத்தில் வைக்காத தன்னுடையதைக் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். "காய்ச்சல் ஒனக்குதான, நல்லது நீ போட்டுக்கோடி. எனக்கு ஊதாவே போதும்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை. ஒன்பது நாளும் ஷாரோன் காதோரம் இடைவெளி விட்டு நிற்கும் ஊதா முகக்கவசத்தோடு என் எதிரில் நின்றார்.

செவிலியர் சொன்னது உண்மையானால், அது நோயில்லாதவரைக் காக்கும் கவசம். அதை நோயாளியான நான் அணிந்தேன். ஷாரோனைக் காப்பாற்றியிருக்கக் கூடிய ஒன்றை அவர் கையிலிருந்தே வாங்கி, அவர் முகத்துக்கு நேராக என் மூச்சை விடுவதற்கு நான் பயன்படுத்தியிருக்கிறேன். உண்மை இல்லையானால், இதை நினைத்து நான் தூங்காமல் கிடப்பதற்குத் தேவையே இல்லை. எது என்று யாராவது சொல்ல வேண்டும்.

11. நவம்பர் 30 அன்று மணிமங்கலம் சென்றேன். ஷாரோனின் கணவர் திரு. சாம்சன் வாசலில் ஒரு ஊதா முகக்கவசத்தை நீட்டினார். "தப்பா நெனச்சிக்காதம்மா, போட்டுக்கினு போ" என்றார். போட்டுக்கொண்டேன். ஷாரோனும் போட்டிருந்தார். இரண்டு பேரும் கண்ணை மட்டும் பார்த்துப் பேசினோம். நிறுவனத்திலிருந்து அவரிடமும் சாட்சிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள், அவர் போடவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது:

"நான் ஒன்னிய ஒண்ணும் சொல்லலடி. மாஸ்க்க குடுத்தது நானு. ஆனா எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். தெரியாம திரும்ப அங்க வந்து ஒன் எதிர்ல எப்டி நிப்பேன், நீயே சொல்லு."

 இந்த மனுவை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

12. ஆகவே தங்களிடம் கேட்பது:

முகத்தைத் திறந்தால்தான் கதவு திறக்கும் இயந்திரத்தின் படங்களை, முகக்கவசம் அணியாததற்கு ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று டிசம்பர் 5க்கு முன் நிறுவனத்துக்கு அறிவுறுத்த வேண்டும். தாங்கள் நேரில் வந்து அந்த வரிசையில் ஒரு ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் நின்று பார்க்க வேண்டும். காய்ச்சல் என்று செவிலியர் எழுதும் ஓய்வுச் சீட்டு சூப்பர்வைசரின் சட்டைப் பையில் முடிந்துபோகக் கூடாது. அந்தச் சீட்டை மதித்திருந்தால், எந்த முகக்கவசம் நல்லது என்று நான் இன்று தங்களைக் கேட்கும் தேவையே வந்திருக்காது.

கடைசியாக, கேள்வி. இருமும் ஒருத்தி இந்த வால்வு முகக்கவசத்தை அணிந்து ஒரு முழத்தில் நின்றால், எதிரில் நிற்பவருக்கு அது பாதுகாப்பா இல்லையா? தங்கள் துறையில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆம், இல்லை, அல்லது உறுதியாகச் சொல்ல முடியாது, இவற்றில் எதுவானாலும் முத்திரையோடு எழுதித் தாருங்கள். மூன்றில் எதையும் ஏற்றுக்கொள்ள நான் தயார்.

நிறுவனத்தின் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். என்னால்தான் வந்தது என்று தங்கள் பதில் சொன்னால், அதை என் கையால் எழுதி மணிமங்கலத்தில் கொடுப்பேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது அங்கேதான். ஒரகடத்தில் யாரிடமும் இல்லை.

நாள்: 01.12.2025
இடம்: பிள்ளைப்பாக்கம்

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
மு. பாண்டிச்செல்வி

இணைப்பு:
1. மெமோ நகல்.
2. படங்களின் நகல், 18. ஒவ்வொன்றிலும் என் தாடைக்குக் கீழே முகக்கவசம் தெரிகிறது.
3. அந்த முகக்கவசம், உறையில் வைத்து ஒட்டப்பட்டது. வாரில் "ஷாரோன்" என்று எழுதியிருக்கும். அணிந்தவள் நான்.

நகல்: திருமதி ஷாரோன், மணிமங்கலம்.